அம்மாவின் பெட்டியைத் திறந்தேன்

காரைக்குடி
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

வெட்டிச் சேர்த்துப் போர்வை தைக்க அம்மாவின் சேலைகளை அனுப்பிவையுங்கள் என்று நீ கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நினைத்துவிடாதே. பெட்டியைத் திறக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நேற்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து திறந்துவிட்டேன்.

மொத்தம் 26 சேலைகள். ஒவ்வொன்றையும் முற்றத்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நைந்த இடத்தில் வெயில் சல்லடையில் இறங்குவதுபோல இறங்கிவிடும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வைத்து மெல்ல அகட்டிப் பார்த்தேன். நூல் விட்டுக்கொடுத்தால் அந்த இடம் தையல் தாங்காது. உடுத்திய பருத்திச் சேலையில் உட்காரும் இடமும் முழங்கால் படும் இடமும் அடிக்கரையும்தான் முதலில் போகும். முந்தியும் உள்ளே சொருகும் தலைப்பும் கடைசிவரை நிற்கும். பட்டு அப்படி இல்லை. வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே முறிந்துபோகும். அம்மாவின் கூறைப்புடவை அப்படித்தான் முறிந்திருக்கிறது. மடித்து மாற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவள் போன பிறகு அந்தப் பெட்டியை நான் தொடவில்லை.

நல்ல நிலையில் இருப்பவை 11. பாதி தேறுபவை 9. மேல்துணியாக நிற்காமல் உள்ளடுக்காக மட்டும் ஆகிறவை 6. இந்தக் கணக்கோடுதான் இதை எழுதுகிறேன்.

கந்தலைச் சேர்த்துத் தைக்கிற வேலை நம் வீட்டுக்குப் புதிதில்லை ஆத்தா. நீ அதைக் குயில்ட் என்கிறாய். உன் அப்பத்தா அதற்குப் பெயரே வைக்கவில்லை. நைந்துபோன, நம் ஊர்க் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வைத்து இழுத்து, பெரிய ஊசியால் ஓட்டுத் தையல் போடுவார். நடுவில் பஞ்சு கிடையாது, துணியின் கனமே போதும். நீ பிறந்து வந்ததும் அதில்தான் கிடத்தினோம். நீ வளர்ந்த பிறகு அந்த விரிப்பைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் போட்டு ஓர் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினோம். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தையல்காரனான நான் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்திருக்க வேண்டும். 2019-ல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தித்தாளில் படித்த அன்று அந்த விரிப்புதான் நினைவுக்கு வந்தது. இனி ஒன்று கிடைக்காது.

அதனால் நீ இதைத் தொழிலாக எடுக்கிறேன் என்றதும் எனக்கு மகிழ்ச்சிதான். அமெரிக்காவில் 1930-களில் வந்த பூப்போட்ட மாவு மூட்டைத் துணியை நீ தேடித் தேடி வாங்குவதும், அதை எங்கள் ஊர்க் கட்டத்தோடு சேர்த்துத் தைத்து அனுப்பிய படமும் எனக்குப் பிடித்திருக்கிறது. கட்டமும் பூவும் சண்டை போடும் என்று பயந்தேன். அரக்குக் கரையை இடையில் விட்டு நீ சமாளித்திருக்கிறாய். அது நல்ல கண்.

அலபாமா மாநிலத்தில் கறுப்பினப் பெண்கள் போர்வை தைக்கும் ஜீஸ் பெண்ட் கிராமத்துக்குப் போய்வந்து நீ எழுதிய கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கறுப்பின மக்கள் ஓட்டுரிமை கேட்டு அக்கரையில் உள்ள கேம்டன் நகருக்கு வருகிறார்கள் என்பதற்காக 1962-ல் ஆற்றில் படகையே நிறுத்தி, 2006 வரை விடவில்லை என்று எழுதியிருந்தாய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடைபட்டுக் கிடந்த பெண்கள் வேலைக்கு உடுத்திக் கிழிந்த துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள். 1966-ல் அவர்களும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். 1972-ல் சியர்ஸ் என்ற பெரிய கடைக் கம்பெனிக்கு, வரிவரியாக மேடு உள்ள கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். எல்லா உறையும் ஒரே அளவு, ஒரே தையல். அந்த வேலையில் மிஞ்சிய கார்டுராய் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் மனம்போலப் போர்வை தைத்தார்கள். கம்பெனிக்குப் போன உறைகள் எங்கே போயினவோ, மிச்சத் துண்டில் தைத்த போர்வைகள் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கின்றன. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் சுவரில் தொங்கின, 2006-ல் தபால்தலையாகவும் வந்தன. உறை தைத்த காசில்தான் அடுப்பு எரிந்திருக்கும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நீயும் சின்ன உறை, பை என்று மீதத் துண்டில் தைத்து விற்றுக்கொள். மனம்போலத் தைப்பதற்கும் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கு.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரு போர்வைக்கு 80 மணி நேரம் ஆகிறது என்றாய். துணி, பஞ்சு, நூல் எல்லாம் சேர்த்து 60 டாலர் என்றாய். விலை 220 என்று போட்டிருக்கிறாய். மிச்சம் 160. மணிக்கு 2 டாலர். அங்கே சட்டப்படி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியே 7.25 டாலர். அந்தக் கூலியைப் போட்டாலே 580, பொருளோடு 640. உன் ஊசிக்கு மட்டும் சட்டம் கிடையாதா? வாங்க வருகிறவர் விலை அதிகம் என்று திரும்பிப் போனால் போகட்டும். துண்டுகளை இணைப்பதை மிஷினில் செய், மேல் தையலை மட்டும் கையால் போடு, நேரம் பாதியாகும், விலையும் இறங்கும். நேரத்தைக் குறை, கூலியைக் குறைக்காதே.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அப்படித்தான் நட்டப்பட்டேன். நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு பெரிய கடைக்கு 400 செட் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தேன். இரவெல்லாம் மிஷின் ஓடியது உனக்கு நினைவிருக்கலாம். பணம் வர எட்டு மாதம் ஆயிற்று. கூட வேலை செய்த இரண்டு பையன்களுக்கும் கொடுத்தேன், நூலுக்கும் பித்தானுக்கும் கொடுத்தேன். அம்மா கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் உங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டாள். என் கூலிக்கென்று நான் ஒரு வரி எழுதியிருக்கவே இல்லை. அன்றிலிருந்து நோட்டின் முதல் வரியில் அவளே என் பெயரை எழுதினாள். நீ புது நோட்டு வாங்கியதும் முதல் வரியில் உன் பெயரை எழுது.

சேலைகளைப் பற்றி மிச்சமும் சொல்லிவிடுகிறேன். பாதி தேறுகிற 9, உள்ளடுக்கு 6, ஆக 15-ஐயும் உன் மாமியார் அடுத்த மாதம் அங்கே வரும்போது அவர் பெட்டியில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எட்டுக் கிலோ இருக்கும், சரி என்றார். கண்டாங்கியில் இன்னும் கஞ்சி இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாகக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கஞ்சியை எடுத்துவிடு, இல்லையென்றால் ராமபாணப் பூச்சி அரித்துவிடும். அரக்கை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஈர வெள்ளைத்துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பார். துளி சாயம் ஒட்டினாலும் சேர்க்காதே.

நல்ல 11 சேலை இங்கேயே இருக்கட்டும். அவை வெட்டுவதற்கு இல்லை, நீ வந்து உடுத்து.

உனக்கு அனுப்புகிற 15 சேலைகளில் ஒரு கடுகு மஞ்சள் கண்டாங்கி இருக்கிறது. பொங்கல் வைக்கும்போது பொறி பட்டு முந்தியில் ஓட்டை விழுந்தது. கல்யாணமான முதல் வருடம். அம்மா அழுதுவிட்டாள். அன்று இரவே அதே சேலையின் உள்தலைப்பிலிருந்து துண்டு எடுத்து, கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். அந்த இடத்தைத் தேடி எடுத்து ஒரு போர்வையின் நடுவில் வை. அதை மட்டும் விலைக்குக் கொடுக்காதே.

அன்புடன்
அப்பா