குடியாத்தத்தானுக்கு ஒரு கிறிஸ்துமஸ் கடிதம்

வேலூர்
17 டிசம்பர்

அன்புள்ள குடியாத்தம்,

நீ இப்போது எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு ஹாஸ்டல் காலத்துக் குடியாத்தம்தான், உனக்கு நான் காட்பாடி. உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் நடக்கிற கூத்தில் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லை. பேரன் பிறந்ததில் எங்கள் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியைக் கூட்டிவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். தாத்தா தொண்டை அப்படியே வந்திருக்கும். கண்ணில் புரை எடுத்த பிறகு சுவரில் இருக்கிற பல்லியின் கண்கூடத் தெரிகிறதாமே. சரி, இனிமேலாவது கையெழுத்து நேராக வருமென்று பார்த்தால், ஹாஸ்டல் நோட்டில் இருந்த அதே கோணல்தான்.

இங்கே நல்ல பனி. காலையில் ஏழு மணி வரைக்கும் மலை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. லாங் பஜார் பக்கம் போகவே முடியவில்லை, அவ்வளவு கூட்டம். ராத்திரி எங்கள் சபைப் பிள்ளைகள் கேரல் பாட வருகிறார்கள், கித்தார், டிரம், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னாலேயே ஜெனரேட்டர் வைத்த குட்டி யானை வண்டி. நம் காலத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ், ஒரு தபேலா, அவ்வளவுதான். இவர்கள் பாடி, டீ குடித்து, அடுத்த தெருவுக்குப் போய் நாம் கண்ணை மூடினால், நாலரைக்கெல்லாம் பிள்ளையார் கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. தெருவில் யாருக்கும் தூக்கம் கிடையாது. யாருக்கும் புகாரும் கிடையாது.

இந்த வருஷம் கேரலில் அண்ணன் இல்லை. போனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டது. ஆடி மாதத்திலிருந்து டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம்.

எப்படி வந்தது என்று நீ கேட்பாய். சர்க்கரை அவருக்கு ரொம்ப வருஷமாக இருக்கிறதுதான். அதோடு முட்டி வலி. மெடிக்கல் ஷாப்பில் போய் "அந்தச் சிவப்பு அட்டை" என்று கேட்டு வாங்கி, வலிக்கும்போதெல்லாம் அந்த வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வார். சீட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது. கால் வீங்கியது, நின்று நின்று வேலை பார்த்த கால் என்றார். சிறுநீர் நுரைத்தது, அதை யாரிடமும் சொல்லவே இல்லை. சாப்பாடு கசந்தது, உடம்பெல்லாம் அரிப்பு. அண்ணி சோப்பை மாற்றினாள். கடைசியில் மூச்சு வாங்கியபோது கொண்டுபோய்க் காட்டினோம். கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு, கிரியாட்டினின், ரத்தத்தில் எட்டைத் தாண்டியிருந்தது. ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது. முக்கால் பங்கு போகும் வரைக்கும் கிட்னி வெளியே காட்டிக்கொள்ளாமல் சமாளித்துக்கொண்டே இருக்குமாம். டாக்டர் அதைச் சொன்னபோது அண்ணன், "எங்க நைனா மாதிரி" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அவர் இடது கையை நீ பார்க்க வேண்டும். மணிக்கட்டுக்கு மேலே ஒரு சின்ன ஆபரேஷன் செய்து தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். பிஸ்டுலா என்கிறார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து சில வாரத்தில் அந்த நரம்பு புடைத்து நிற்கிறது. அதில்தான் இரண்டு ஊசி. ஒன்றில் ரத்தம் வெளியே வந்து மெஷினுக்குப் போகிறது, இன்னொன்றில் சுத்தமாகித் திரும்புகிறது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, கனமாகத் தூக்கக் கூடாது, அதன்மேல் சாய்ந்து படுக்கவும் கூடாது. விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அந்த ஓட்டம் நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதால், காலையில் எழுந்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான், அப்புறம்தான் ஜெபம். என் பேத்தி ஒருநாள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பெரிய தாத்தா கைக்குள்ள மிக்ஸி ஓடுது" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

கஷ்டம் ஊசியில் இல்லை, தண்ணீரில்தான். சிறுநீர் அனேகமாக நின்றுவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான், அதுவும் காபி, ரசம், மோர் எல்லாம் சேர்த்து. அண்ணி காலையில் ஒரு பாட்டிலில் லிட்டர் தண்ணீர் ரொப்பி மேஜையில் வைத்துவிடுவாள். அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால், அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து தண்ணீரை அளந்து செம்பருத்திக்கு ஊற்றிவிடுவாள். சண்டையே வேண்டாம், பாட்டிலைப் பார்த்தாலே அவருக்கு மீதி எவ்வளவு என்று தெரியும். செம்பருத்தி நன்றாகப் பூக்கிறது. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே எடை கிலோக் கணக்கில் ஏறிவிட்டால் அதை அந்த நாலு மணி நேரத்தில் மெஷின் இழுக்க வேண்டும். அன்றைக்குக் காலில் சதை பிடித்துக்கொள்ளும், பிரஷர் இறங்கும், முகம் வெளுத்துவிடும்.

பார்க்க வருகிறவர்கள் என்னென்ன கொண்டுவருகிறார்கள் தெரியுமா? இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம், பேரீச்சம்பழம். எல்லாவற்றிலும் பொட்டாசியம். அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "இளநீர் குளிர்ச்சிதானே, ஒரு வாய் குடிக்கட்டும்" என்று வாசலில் நின்று வாதாடுகிறவர்களோடு எனக்குத் தினமும் போராட்டம். உப்பில்லாமல் சாப்பிடுகிறாரே என்று பரிதாபப்பட்டு ஒரு சொந்தக்காரர் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கி வந்தார். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருப்பதே பொட்டாசியம்தான்! நல்லவேளை, டயட்டீஷியன் முன்னாடியே எச்சரித்திருந்தாள். காய்கறியைக்கூட நறுக்கி வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறாள் அண்ணி. கத்தரிக்காய் அளவோடு சாப்பிடலாம் என்றார்கள். இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைக்கிற ஊரில் இருக்கிறவனுக்கு அது போதாதா என்கிறார் அண்ணன்.

இன்னொரு வேடிக்கை. டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்னால் புரதத்தைக் குறை என்றார்கள். ஆரம்பித்த பிறகு, மெஷினில் புரதமும் போகிறது, முட்டை, மீன், கோழி சாப்பிடு என்கிறார்கள். ஆகவே இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு பிரியாணி உண்டு, கேக் கிடையாது! திராட்சையும் முந்திரியும் போட்ட பிளம் கேக் கிட்டவே வரக் கூடாது. அதிரசமும் சர்க்கரைக்காக அவுட். அண்ணி முறுக்கு மட்டும் கொஞ்சம் சுட்டு வைக்கிறாள், உப்பைக் குறைத்து. பிரியாணி நம் ஆம்பூர் பக்குவம்தான், சீரகச் சம்பா, உப்பு கம்மி. தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், தக்காளி இல்லாமல். தக்காளி இல்லாத கத்தரிக்காய் எப்படி இருக்கும் என்று நீ வந்து சொல்.

கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை வருகிறது, அவருடைய டயாலிசிஸ் நாள். தள்ளிப்போட முடியுமா என்று கேட்டோம். தள்ளினால் இடைவெளி நீண்டு தண்ணீர் சேர்ந்துவிடும் என்றார்கள். கடைசியில் அன்றைக்கு முதல் ஷிப்டில் படுக்கை கொடுத்தார்கள். ஐந்து மணி ஆராதனை, அங்கிருந்து நேராக மெஷின், மதியம் வீட்டுக்கு வந்து தூக்கம். டயாலிசிஸ் முடிந்ததும் ஆள் துவண்டுவிடுகிறார். ஆகவே எங்கள் வீட்டில் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாடு ராத்திரிதான். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். "பெரியவர் இல்லாம இலை போட மாட்டேன், இன்னா பண்ணுவீங்க" என்றாள் அண்ணி. அத்தோடு முடிந்தது.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செலவு ஓடிவிடுகிறது. ரத்தம் ஊற ஒரு ஊசி, மருந்து, போக வர ஆட்டோ, இவைதான் கையிலிருந்து. ஆட்டோக்காரர் ஒருவர் மாதக் கணக்கு பேசியிருக்கிறார். டயாலிசிஸ் அன்று மெதுவாக ஓட்டுவார், நல்ல மனுஷன். ஆகவே பணம் அனுப்புகிறேன் என்ற பேச்சை விடு.

அடுத்த கட்டம் மாற்றுச் சிறுநீரகம். இந்த நாட்டிலேயே முதன்முதலில் கிட்னி மாற்று வெற்றியானது நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், 1971-ல். நாம் அப்போது டவுசர் போட்ட பிள்ளைகள். அந்த ஊர்க்காரனுக்கு இப்போது வரிசை. இறந்தவர்களிடமிருந்து பெறும் அரசுப் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம். வீட்டிலிருந்தும் கொடுக்கலாம், சட்டப்படி மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். நான் முன்வந்தேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்கள். அண்ணிக்கு ரத்த வகை பொருந்துகிறது, மற்ற பரிசோதனைகள் நடக்கின்றன. அவள் தயார். இவர்தான் மாட்டேன் என்கிறார். "என்னைப் பார்த்துக்கொள்கிறவளையும் கட்டிலில் படுக்க வைக்கவா?" என்பது அவர் வாதம். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் பெஞ்சில் நானும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கொடுக்க வந்திருப்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். மனைவி, அம்மா, அக்கா. வாங்க வந்தவர்களில் முக்கால்வாசி ஆண்கள். அதனால் அண்ணன் பிடிவாதம் எனக்கு ஒருபக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் மரியாதை. நீ சொன்னால் கேட்பார் என்று அண்ணி நம்புகிறாள். எந்தப் பக்கம் சொல்வது என்று நீயே முடிவு செய். அவள் முகத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய், "முதுகு வலிக்கு ஒரு மாத்திரை போட்டால் நாள் ஓடிவிடுகிறது, சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று. அதைப் படித்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு உன் டாக்டரிடம் போ. ரத்தத்தில் கிரியாட்டினின் பார், அதோடு சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் போகிறதா என்றும் கேட்டுப் பார்க்கச் சொல். சும்மா சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்லாதே. சர்க்கரைக்காரன் வருஷத்துக்கு ஒருமுறை இந்த இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் மாத்திரையிலேயே பல வருஷம் தள்ளிப்போட முடியுமாம். ரிசல்ட் தாளை நீ வரும்போது கையோடு கொண்டுவா, நான் பார்க்காமல் உனக்கு இலை கிடையாது.

நீ 25-ம் தேதி வருவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம், 26 வெள்ளிக்கிழமை வா. டயாலிசிஸுக்கு மறுநாள்தான் அண்ணன் பழைய அண்ணனாக இருப்பார், உட்கார்ந்து பேசுவார், உன்னைத் திட்டுவார். காலை இன்டர்சிட்டியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் காட்பாடி. நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். உனக்கும் என் தங்கச்சிக்கும் பிரியாணி தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், உப்பு போட்டது. சனிக்கிழமை டயாலிசிஸுக்கு நீயும் கூட வா. அந்த நாலு மணி நேரமும் படுத்தபடியே பேசிக்கொண்டிருக்க அவருக்கு ஆள் வேண்டும். என் கதையெல்லாம் தீர்ந்துவிட்டது. ஹாஸ்டல் வார்டன் கதை இருக்கிறதே, அதை மட்டும் ஊசி குத்தும்போது சொல்லாதே, சிரித்துக் கையை ஆட்டிவிடுவார்.

பழம் வாங்கி வராதே. மறுபடியும் சொல்கிறேன், பழம் வாங்கி வராதே. அவர் வியாதியைப் பற்றி நீயாக ஆரம்பிக்காதே, அவரே சொல்வார். மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
உன்
காட்பாடி

பி.கு.: ஆர்க்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி சொல்லி வைத்திருக்கிறேன். அது தங்கச்சிக்கு. நீ ரிசல்ட் தாளைக் காட்டினால் பாதி பேடா, அதுவும் அண்ணன் பார்க்காத இடத்தில்.