ஆளில்லாத வீட்டில் காக்கை ஏன் இறங்குகிறது? – தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில், கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் படிப்போம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். போன வருடம் நான்கு மாதம் அங்கே ஒரே ஒரு நாவல்தான் ஓடியது.

அது ஆங்கில மர்மக்கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டி எழுதி 1930இல் வந்த ‘தி மர்டர் அட் தி விகாரேஜ்’. மிஸ் மார்பிள் என்ற துப்பறியும் கிழவி ஒரு முழு நாவலில் வருவது அதில்தான் முதல்முறை. செயின்ட் மேரி மீட் என்றொரு சின்ன ஊர். பாதிரியார் வீட்டில், அவர் உட்கார்ந்து எழுதும் மேசையில், ஊரில் யாருக்கும் பிடிக்காத கர்னல் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார். கதையை நமக்குச் சொல்வதே அந்தப் பாதிரியார்தான். மொத்தம் 32 அத்தியாயம். வாரம் இரண்டு அத்தியாயத்தை வீட்டில் படித்துக்கொண்டு போய்த் திண்ணையில் தமிழில் சொல்வேன்.

இந்த அனுபவத்தைப் புத்தகக் காட்சியில் ஒரு பதிப்பாளரிடம் சொல்லி, இந்த மாதிரிக் கதை தமிழில் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். “சின்ன ஊர்க் கதை, வயசான அம்மா துப்பறியுறது... யாரும்மா வாங்குவாங்க? மர்ம நாவல்னா வேகம் வேணும், ரத்தம் வேணும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த எண்ணம் தவறு. எங்கள் திண்ணையில் என்ன பேசினார்கள் என்று கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் மூன்று வாரம் சிரமமாகத்தான் இருந்தது. பெயர்கள் நிற்கவில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன், “யாரு யாருக்கு என்ன முறைன்னு தெரியாம கதை எப்படி டீச்சர் கேக்குறது?” என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரமே பங்காளி வரிசை எழுதுவது போல ஒரு நோட்டில் அத்தனை பேரையும் எழுதிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அந்த நோட்டு கைக்குக் கை போய்க்கொண்டே இருந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வெளிப்படையாகவே சொன்னாள்: “அஞ்சாவது அத்தியாயம் வரைக்கும் போர்.” அவள் சொன்னது நியாயம். கர்னல் சாவதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது.

கடிகாரம் வந்த வாரத்தில்தான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாதிரியார் தன் அறைக் கடிகாரத்தை எப்போதும் கால் மணி நேரம் கூட்டியே வைத்திருப்பார். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு பழக்கம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. போலீசுக்கும் தெரியாது. நான் அதைச் சொல்லி முடிக்கவில்லை, எண்பதைத் தாண்டிய ஒரு ஆச்சி குறுக்கே வந்தார். “எங்க வளவுக் (நடுமுற்றத்து) கடிகாரமும் பத்து நிமிஷம் கூடத்தான் ஓடும். எங்க அப்பச்சி இருந்த காலத்திலேருந்து அப்படித்தான். புதுசா வந்த மருமக அதைப் பாத்துப் பாலை அடுப்புல வச்சா, அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, அவளுக்கு இன்னும் வீடு பழகலைன்னு.” துப்பு என்றால் என்ன என்பதை நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மிஸ் மார்பிள் தோட்ட வேலை பார்க்கிற சாக்கிலும் தூரக்கண்ணாடியில் பறவை பார்க்கிற சாக்கிலும் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கவனித்துக்கொள்வார். அதற்கும் அதே ஆச்சிதான், “அந்தம்மாவுக்குக் கண்ணாடி எதுக்கு? ஒரு திண்ணை இருந்தாப் போதாதா?” என்றார்.

எல்லாம் பாராட்டு இல்லை. வீட்டு வேலை செய்கிற ஒரு அக்கா தவறாமல் வந்து கேட்பார். பாதிரியார் வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கதை முழுக்க, சமைக்கத் தெரியாதவள், மரியாதை தெரியாதவள் என்றே காட்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. “வீட்டுல என்ன நடக்குதுன்னு அவளுக்குத்தானே முதல்ல தெரியும்? அவகிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்று கேட்டார். எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த நாவலின் குறை அது. அதே குறையோடு இன்னொரு நாவல் தமிழில் வர வேண்டாம்.

கல்லூரிப் பெண் கடைசி வாரத்தில் சொன்னது உங்கள் வியாபாரத்துக்கே நேரடியாக வேண்டிய செய்தி. “இதை அப்பத்தாகூட உக்காந்து கேக்க முடிஞ்சுது டீச்சர். போன்ல நான் பாக்குற எதையும் அப்பத்தா பக்கத்துல உக்காந்து பாக்க முடியாது.” கொலை நடக்கிறது, ஆனால் ரத்தத்தில் யாரையும் முக்கி எடுப்பதில்லை. பயம் இருக்கிறது, அருவருப்பு இல்லை. இருபது வயதும் எண்பது வயதும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, குற்றவாளி யார் என்று நான்கு மாதம் சண்டை போட்டார்கள். ஒரு புத்தகத்துக்கு இதைவிட வேறென்ன வாசகர் கூட்டம் வேண்டும்?

சரி, இப்போது தலைப்பில் கேட்ட காக்கைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. அதில் ஒரு வீட்டுக்கு முன்வாசல் எங்கள் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம், எதிர்வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், அந்த வீட்டுக் கொல்லையில நாலு நாளா மத்தியானம் ஒரு மணிக்குக் காக்கா இறங்குது. ஆளில்லாத வீட்டுல காக்காய்க்கு என்ன வேலை?” என்று கேட்டார். நானும் மாடியில் ஏறிப் பார்த்தேன். ஏழெட்டுக் காக்கை, சரியாக ஒரு மணிக்கு. சாப்பிட்ட தட்டை யாரோ கொல்லையில் கழுவி ஊற்றுகிறார்கள் என்பதைத் தவிர வேறென்ன அர்த்தம்? முன்வாசல் பூட்டில் தூசி அப்படியே இருந்தது. பின்வாசல் நாதாங்கியில் மட்டும் தூசி இல்லை.

தேக்குத் தூணையும் கதவையும் கழற்றிக்கொண்டு போகிறவர்களோ என்று எல்லாரும் பயந்தோம். ஆச்சி மட்டும் பயப்படவில்லை. “திருடன் நாலு நாள் உக்காந்து சோறாக்க மாட்டான். சாவி உள்ளவன்தான்” என்றார். அப்படியேதான் இருந்தது. பங்காளி ஒருவரின் மகன், அப்பாவோடு மனத்தாங்கல், சென்னையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வந்து தன் அறையைத் திறந்து படுத்திருந்தான். ஆச்சி போலீசுக்குச் சொல்லவில்லை, அவன் அப்பாவுக்கும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரு தூக்குச்சட்டியில் இட்லியும் கோசமல்லியும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் போய் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவு திறந்தது.

மிஸ் மார்பிளை நாங்கள் இங்கிலாந்திலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முகப்பு, அதைத் தாண்டி வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை. வளவைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் அவனவன் பங்கு, அவனவன் பூட்டு. இன்றைக்கு அந்தச் சாவிகளில் ஒன்று சென்னையில் இருக்கும், ஒன்று கோலாலம்பூரில், ஒன்று அமெரிக்காவில். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று வந்தால்தான் எல்லாச் சாவியும் ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு வந்து சேரும். பூட்டிய அறை மர்மம் எழுத ஆசைப்படுகிறவருக்கு இதற்கு மேல் என்ன அமைத்துக் கொடுக்க முடியும்? 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது அங்கே இருந்த தங்கள் கடையை விட்டு ஊருக்கு வந்தவர்களின் பேரேடுகள் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கின்றன. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாத பெட்டிகளும் கண்ணாடிகளும் வரிசையாக நிற்கும். கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று மூன்று தலைமுறைக்கு ஏடு வைத்திருக்கும் ஊர் இது. இங்கே ஒரு பொய் எத்தனை நாள் தாங்கும், அதை யார் முதலில் கண்டுபிடிப்பார் என்பதே ஒரு நாவல்.

ஆனால் நமக்கு வாய்த்தது என்ன? சினிமாக்காரர்கள் வந்து எங்கள் வளவை ஜமீன் பங்களாவாகவும் பேய் பங்களாவாகவும் காட்டிவிட்டுப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் மனிதர்கள் யாரும் படத்தில் இல்லை. சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் தேவகோட்டையில் பிறந்தவர். அவருடைய சங்கர்லால் உலகமெல்லாம் சுற்றித் துப்பறிந்தார், சின்ன வயதில் நானும் விழுந்து விழுந்து படித்தேன். தேவகோட்டைத் தெருவிலேயே துப்பறிய ஒருவர் இனிமேல்தான் வர வேண்டும்.

மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் முதலில் நினைத்தேன். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுக்கு உரிமை உண்டு. கிறிஸ்டி மறைந்தது 1976இல். அதனால் முறையாக அனுமதி வாங்கித்தான் போட வேண்டும், போட்டால் சந்தோஷம். ஒரு காலத்தில் ஆங்கிலத் துப்பறியும் கதைக்கு ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் மட்டும் மாற்றித் தமிழில் அச்சடித்தார்கள். அது வேண்டாம். பாதிரியார் வீட்டை வளவு வீடு என்று மாற்றினால் மட்டும் அங்கே காக்கை இறங்காது. இந்த ஊர் தெரிந்தவர்களைத் தேடி எழுதச் சொல்லுங்கள். குறிப்பாக இங்கே வாழ்ந்த, இங்கே மருமகளாக வந்த பெண்களை. வீட்டில் வேலை செய்தவர்களுக்கும் தச்சு வேலை செய்தவர்களுக்கும் தெரிந்ததைக் கேட்டு எழுதுகிறவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அச்சில் வரும்போது, முதல் பக்கத்தில் வீட்டின் வரைபடம் ஒன்று வேண்டும். யாருக்கு யார் என்ன முறை என்று ஒரு பட்டியலும் வேண்டும். இதை அந்த வங்கி அண்ணன் கட்டாயம் எழுதச் சொன்னார். அட்டையில் கத்தியும் ரத்தமும் வேண்டாம், அப்பத்தா கையில் எடுக்க மாட்டார். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். விலையையும் நினைத்துப் பாருங்கள். பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல் வாங்கிப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்த பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தன் இந்தப் பக்கத்து ராயவரத்துக்காரர்தான். உங்கள் தொழிலுக்குச் செட்டிநாடு கொடுத்த ஆட்கள் கொஞ்சமில்லை.

இந்தக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா ஒரு வீடு நிறையப் புத்தகமும் இதழும் நோட்டீசும் சேர்த்து வைத்திருந்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994 முதல் அது சென்னையில் நூலகமாக இருக்கிறது. யாரும் மதிக்காத மலிவுப் பதிப்பையும் தூக்கிப் போடாமல் காத்த ஊர் இது. துப்பறியும் கதை தாழ்ந்தது என்று இங்கே யாரும் சொல்ல மாட்டோம்.

உங்களிடம் இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி வந்து, விற்குமோ விற்காதோ என்று மேசையில் கிடந்தால், எங்களுக்கு அனுப்பிவையுங்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்குத் திண்ணையில் வாசித்துவிட்டு, எந்த அத்தியாயத்தில் கொட்டாவி வந்தது, எந்தப் பக்கத்தில் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது என்று ஒளிக்காமல் எழுதி அனுப்புகிறோம். வங்கி அண்ணன் புது நோட்டு வாங்கி வைத்துவிட்டார். ஆச்சி வாராவாரம், “அடுத்து என்ன கதை டீச்சர்?” என்று கேட்கிறார். அவருக்கு வயது எண்பத்து மூன்று. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய ஆசிரியை,
கோட்டையூர்