விடுதிப் பிள்ளைகளும் ராத்திரிப் படபடப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து சேலம் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு, முதல் சில வாரம் ராத்திரியில்தான் படபடப்பு கூடுகிறது. அந்த நிமிடமே வீட்டுக்குப் போன் போட்டால் அப்போதைக்கு அடங்கும். ஆனால் படபடப்பு தானாகவே தணியும் என்பதை மனம் கற்றுக்கொள்ளாது, மறுநாளும் போனைத் தேடும். மாலை 7 மணிக்கு 15 நிமிடம் என்று நேரம் குறித்துப் பேசுங்கள். பெற்றோரும் அதைத் தவறவிடக் கூடாது.

படபடப்பு வந்தால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். 5 நிமிடம் செய்யலாம். வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

விடுதி மாணவர் ஆலோசகர்கள்,
அஸ்தம்பட்டி, சேலம்