மதகில் எழுதிய சொல்: வன்னி இரசிகர் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைச்சிமாருக்கு,

மைதானத்து மூலையில், வேப்பமரத்தடியில் கடை வைத்திருக்கிற அக்கா எழுதுகிறேன். எங்கள் உதைபந்தாட்டக் கழகத்து வைபர் குறூப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் முதலில் எழுத நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் பரந்தனிலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் முள்ளியவளையிலும் இருக்கிற பிள்ளைகளும் இதே கதையை இதே சொற்களால்தான் கதைக்கிறார்கள். ஆகவே வன்னியில் பந்துக்காகவும் பிக் பாஸுக்காகவும் நித்திரை முழிக்கிற எல்லோருக்கும் இது.

இரண்டு கிழமைக்கு முதல் எங்கள் கோல்கீப்பர் வேறு கழகத்துக்கு மாறினான். ஆரென்று ஊருக்குத் தெரியும். நான் பெயர் எழுத மாட்டேன். அவன் மாறின மூன்றாம் நாள் விடிய, அவன் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் வாய்க்கால் மதகில் கறுப்புப் பெயின்ற்றால் ஒரு சொல் எழுதியிருந்தது. துரோகி. 'ரோ'வின் கால் வழிந்து தண்ணீர் மட்டத்துக்கு இறங்கியிருந்தது.

நான் ஆறு மணிக்குப் பாண் எடுக்கப் போனபோது அவன்ரை அம்மா அதில் குந்தியிருந்து தும்புக்கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தா. உடுப்பு தைக்கிற காமென்ற் தொழிற்சாலைப் பஸ்சுக்கு வெளிக்கிட்டு வந்தவ, கைப்பையையும் சாப்பாட்டுப் பெட்டியையும் மதகுக் கட்டில் வைத்துவிட்டுத் தேய்க்கிறா. சவர்க்காரத் தூள் நுரை கறுத்து ஓடியது, எழுத்துப் போகவில்லை. திரும்பிப் போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தேன். மங்கியது, போகவில்லை. சந்தியில் பஸ் ஹோர்ன் அடித்தது. எழும்பி, கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "அக்கா, இதை வேறை ஆரும் கண்டவையோ?" என்று மட்டும் கேட்டா.

எழுதினது ஆரென்று தேடுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. அந்தச் சொல் மதகுக்குப் போக முதல் என்னுடைய கடை வாசலில்தான் புழங்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். 2017ஆம் ஆண்டு ஜூனில் விஜய் டிவியில் பிக் பாஸ் தொடங்கினதிலிருந்து என் கடையில் இரவில் ரீவி நிறுத்தியதில்லை. பிஸ்கட் பெட்டிகளுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன ரீவிக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வயலால் வந்த ஆட்கள், தையலுக்குப் போய் வந்த பெட்டையள் எல்லோரும் நிற்பார்கள். 2019இல் எங்கள் நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வீட்டுக்குள் போனபோது கடை வாசலில் இடமில்லை. தர்ஷன் யாழ்ப்பாணத்துப் பொடியன். லொஸ்லியா செய்தி வாசித்த குரல் எங்களுக்குப் பழக்கம். தர்ஷன்தான் வெல்லுவான் என்று பந்தயம் பிடித்தவர்களும் உண்டு. செப்ரெம்பர் கடைசியில், இறுதி நாளுக்கு ஒரு கிழமை இருக்க, கமல்ஹாசன் அவன் பெயர் எழுதிய அட்டையைக் காட்டினார். அன்றைக்கு என் கடை வாசலில் ஒரு செத்த வீட்டு அமைதி இருந்தது. நானும் அழுதேன்.

அந்தக் கவலை எனக்கு விளங்குகிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கிற ஆளுக்காக ஏன் அழுகிறாய் என்று கேட்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. நூறு நாளாக ஒவ்வொரு இரவும் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் தமிழில் கதைத்த பிள்ளை அவன். ஆனால் அடுத்த நாள் காலையில் நடந்தது விளங்கவில்லை. உள்ளே மிஞ்சியிருந்த மற்றப் பிள்ளைகளை, அதிலும் பெட்டையளை, வாயில் வராத சொற்களால் பேஸ்புக்கில் எழுதினார்கள். அவர்கள் ஒருவரும் தர்ஷனை வெளியே அனுப்பவில்லை. அந்த விளையாட்டின் ஒழுங்கைப் பாருங்கள்: வீட்டுக்குள் இருப்பவர்கள் பெயர் முன்மொழிகிறார்கள், பார்ப்பவர்கள் வாக்குப் போடுகிறார்கள், கிழமைக் கடைசியில் ஒருவர் போகிறார். எந்தக் கிழமை ஆருக்கு எத்தனை வாக்கு என்ற முழுக் கணக்கை எங்களுக்குக் காட்டுவதில்லை. இருபத்து நாலு மணித்தியாலத்தை வெட்டி ஒரு மணித்தியாலமாகத் தருகிறார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தை வைத்துத்தான் ஒரு பிள்ளை நல்லதா கெட்டதா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்கிறோம். கோபம் வந்தால் கணக்கைக் காட்டுங்கோ என்று நிகழ்ச்சி நடத்துபவர்களைக் கேளுங்கள். ஆயிரம் பேர் சேர்ந்து கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.

லொஸ்லியாவின் தகப்பன் கனடாவிலிருந்து அந்த வீட்டுக்குள் வந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனையோ வருசம் பிள்ளையைக் காணாத தகப்பன். வந்தவுடன் கண்டித்தார், பிள்ளை அழுதது. வெளிநாட்டில் தகப்பன் இருக்கிற வீடு வன்னியில் எந்த ஒழுங்கையில் இல்லை? என் கடையில் நின்ற ஒரு சின்னப் பெட்டை அன்றைக்கு ரீவியைப் பார்க்காமல் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றது. அடுத்த நாள் அதே காட்சியை மீம்ஸ் ஆக்கி, தகப்பனையும் மகளையும் சேர்த்து எழுதினார்கள். எழுதினவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இன்னொரு சொல்லையும் பேச வேண்டும். 2017இல் ஓவியாவுக்காக இரசிகர்கள் சேர்ந்தபோது அதற்கு 'ஓவியா ஆர்மி' என்று பெயர் வந்தது. பிறகு ஒவ்வொரு சீசனிலும் ஆளாளுக்கு ஓர் ஆர்மி. சென்னையில் அது விளையாட்டுப் பெயர். அங்கே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒன்றும் வருவதில்லை. எங்கள் கடை வாசலில் ஒரு பொடியன் கையைத் தூக்கி "நாங்கள் ஆர்மி" என்று கத்தினபோது, சீனி வாங்க வந்த ஒரு வயதான அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு றோட்டைப் பார்த்தா. அவவுக்கு அந்தச் சொல் 'ஆமி'. அவவின் இரண்டு பிள்ளைகள் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீடு திரும்பவில்லை. பொடியனுக்கு இது தெரியாது, அவன் அப்போது கைக்குழந்தை. அவனில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இனித் தெரிந்துகொண்டு பேச வேண்டும். இரசிகர் மன்றம் என்று சொல்லுங்கள், கூட்டாளிகள் என்று சொல்லுங்கள், தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

ஆர்மியாவது இரவல் சொல். துரோகி எங்களுடைய சொல். எங்கள் மண்ணில் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு என்ன நடக்கும் என்று என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் வாயிலிருந்து வந்த அந்த மூன்றெழுத்துக்காக உறவுக்காரரும் வாசல் மிதிக்காத வீடுகள் இருந்தன. செத்த வீட்டுக்குப் பாடை தூக்க ஆள் வராத வீடுகள் இருந்தன. அந்தச் சொல்லை ஒரு உதைபந்தாட்டக்காரனின் ஒழுங்கையில், அவன் அம்மா வேலைக்குப் போகிற வழியில் எழுதலாமா?

நீங்கள் அதை எங்கே பழகினீர்கள் என்றும் எனக்குத் தெரியும். போனில் காட்டினீர்களே. 2000ஆம் ஆண்டில் லூயிஸ் ஃபிகோ என்ற விளையாட்டுக்காரர் பார்சிலோனாக் கழகத்தை விட்டு, அதன் பரம எதிரியான ரியல் மட்ரிட்டுக்குப் போனார். இரண்டு வருசம் கழித்து அவர் பார்சிலோனாவில் கோர்னர் அடிக்கப் போனபோது பன்றித் தலை வந்து விழுந்தது. அதை ஒரு வீரக்கதை போல ஒரு தம்பி எனக்குச் சொன்னான். 2025 மே மாதத்தில் ட்ரென்ற் அலெக்சாண்டர்-ஆர்னோல்ட் லிவர்பூலை விட்டுப் போவதாக அறிவித்த பிறகு, அவர் அந்தக் கழகத்தின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் இறங்கினபோது சொந்த ஆட்களே கூக்காட்டினார்கள். ஆறு வயதில் அந்தக் கழகத்துக்கு வந்த பிள்ளை, இருபது வருசம் அதே சிவப்புச் சட்டை. நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து என் கடை வாங்கிலில் சண்டை பிடித்தீர்கள். நான் அன்றைக்கே அந்தப் பிள்ளை பக்கம்தான்.

மெஸ்ஸியை எடுங்கள். 2021 ஓகஸ்ற்றில் பார்சிலோனாவை விட்டுப் போகிறபோது அந்த மனிசன் கடதாசியால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுததை எல்லோரும் பார்த்தோம். அங்கேயே இருக்கத்தான் அவர் விரும்பினார். கழகத்தின் காசு நிலைமையும் ஸ்பெயின் லீக்கின் சம்பள வரம்பும் விடவில்லை. ஒரு விளையாட்டுக்காரன் போகிறான் என்றால் அதற்குள் எத்தனை பேருடைய கணக்கு இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு பகல் காணும்.

எங்கள் கோல்கீப்பருக்கு ஏஜென்ற் இல்லை, ஒப்பந்தம் இல்லை. புதுக் கழகத்தில் இருக்கிற ஒருவர் அவனுக்கு நிரந்தர வேலை ஒன்று ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறார். பின்னேரம் பயிற்சிக்குப் போகவும் விடுவார்களாம். இருபத்திரண்டு வயது, தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள். இங்கே அவனுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகளில் வென்ற காசில் ஒரு ஜேர்சி. கையுறை அவன் தன் காசில் வாங்கினது, அதுவும் என்னிடம் கைமாற்று வாங்கி. என் கடன் கொப்பியில் அவன் பக்கத்தில் 2,340 ரூபா இருந்தது. போவதற்கு முதல் நாள் இரவு கடை பூட்டுகிற நேரம் வந்து, சுருட்டி வைத்திருந்த தாள்களை எண்ணி மேசையில் வைத்தான். "அக்கா, பேரை வெட்டிவிடுங்கோ" என்றான். கொப்பியில் கோடு இழுத்தேன். கொஞ்ச நேரம் மைதானத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு சைக்கிளை எடுத்தான். அவனைத்தான் மூன்றாம் நாள் நீங்கள் துரோகி என்று எழுதினீர்கள்.

அவன் போனது எனக்குக் கவலைதான். போன வருசம் மின்னொளியில் நடந்த அரையிறுதியில் இரண்டு பனால்டியைப் பிடித்த கை அது. ஜெனரேற்றர் நின்று, லைற் மங்கி, திரும்ப வந்து, அதற்குப் பிறகு இரண்டாவதைப் பிடித்தான். இனி அந்த இடத்தில் ஆர் நிற்பது என்று நானும் கேட்கிறேன். போகவேண்டாம் என்று அவனிடம் நேரே சொல்லியிருக்கலாம். இவனை ஏன் விட்டீர்கள் என்று கூட்டத்தில் எழும்பி நிர்வாகத்தைக் கேட்டிருக்கலாம். அபிப்பிராயம் சொல்ல வேண்டாம் என்று எந்த இடத்திலும் நான் எழுதவில்லை.

நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. வேறு கழகத்துக்கு மாற விடுகிற றிலீஸ் கடிதத்தை இழுத்தடிக்கிற பழக்கம் ஒரு கழகத்தில் மட்டும் இல்லை. பொடியன் நாலு தரம் செயலாளர் வீட்டுக்கு அலைவான். அந்த அலைச்சலுக்குள்தான் ஊர்வாய் வளர்கிறது. பெல்ஜியத்தில் ஜோன்-மார்க் பொஸ்மன் என்ற விளையாட்டுக்காரனின் ஒப்பந்தம் 1990இல் முடிந்த பிறகும் அவனுடைய கழகம் அவனை வேறு கழகத்துக்குப் போக விடவில்லை. அவன் வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றான். இன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தால் காசில்லாமல் போகலாம் என்று நீங்கள் 'ஃப்றீ ட்ரான்ஸ்பர்' கதைக்கிறீர்களே, அது அவன் வாங்கித் தந்தது. வெல்வதற்குள் அவனுடைய விளையாட்டு வயது முடிந்துவிட்டது. எங்கள் பொடியன்களின் வயதும் கடிதத்துக்கு அலைந்து முடியக்கூடாது. கேட்ட ஒரு கிழமைக்குள் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

எடுக்கிற கழகத்துக்கும் ஒரு கேள்வி. ஃபிஃபாவின் விதியில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது: ஒரு விளையாட்டுக்காரன் ஒப்பந்தக் காலத்துக்குள் காசுக்கு வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, 12 வயதிலிருந்து 23 வயது வரைக்கும் அவனை வளர்த்த கழகங்களுக்கு அந்தக் காசில் 5 வீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2017இல் நெய்மார் 222 மில்லியன் யூரோவுக்குப் பாரிசுக்குப் போனபோது அவரைச் சின்னனில் வளர்த்த பிரேசிலின் சன்ரோஸ் கழகத்துக்கும் அதில் பங்கு இருந்தது. எங்கள் போட்டிகளில் காசு மாறுவதில்லை, விதியும் இங்கே வராது. ஆனால் மனம் வரலாமே. ஒரு ஊர்ப் பொடியனை எடுத்தால் அந்த ஊர்க் கழகத்துக்கு இரண்டு நல்ல பந்து கொடுங்கள். வெட்டின வயலில் கிழிந்த பந்தோடு ஓடுகிற பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது போகும். கொடுத்தவர்கள், வாங்கினவர்கள் என்று இரண்டு பக்கமும் முகம் பார்த்துக் கதைக்கவும் ஒரு வழி கிடைக்கும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். குறூப்பில் அவனைப் பற்றிப் போட்டவற்றை அழியுங்கள். ஆர் மாறினாலும், எந்த வீட்டிலிருந்து ஆர் வெளியேறினாலும், அந்த ஒரு சொல்லை எடுக்காதீர்கள். மற்ற எதையும் கதையுங்கள். விடிய விடியக் கதையுங்கள், ரீவி போட்டு வைக்கிறேன், பிளேன்ரீயும் ஊற்றித் தருகிறேன்.

வாற ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு மதகடிக்கு வருகிறேன். நாலு லீற்றர் வெள்ளைப் பெயின்ற் வாங்கி வைத்திருக்கிறேன், பிறஸ் மூன்று இருக்கிறது. ஆர் எழுதினது என்று கேட்க மாட்டேன், வருகிறவர்களின் முகத்தையும் பார்க்க மாட்டேன். ஞாயிறு காமென்ற் பஸ் இல்லை. அவன்ரை அம்மா எழும்பி வர ஏழு மணியாகும். அதற்குள் காய்ந்துவிடும்.

அன்புடன்,
மைதானத்தடிக் கடை அக்கா