கவரைப் பிரிக்கவில்லை

மக்களே,

நலமாக இருக்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம். மழைக்கு அம்மையின் முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். ஏழாம் நம்பர் தேனீப் பெட்டியில் ராணி ஈ செத்துப்போய், அதைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிட்டேன். மற்ற பெட்டிகள் சீனித் தண்ணீரில் ஓடுகின்றன. உன் பெயருக்கு பாங்கிலிருந்து ஒரு கவர் வந்தது. நான் பிரிக்கவில்லை. பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமையாக நீ கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் ‘சாப்பிட்டேன்’ என்று வருகிறது, ‘மீட்டிங்’ என்று வருகிறது, அவ்வளவுதான். பிள்ளைக்கு வேலை அதிகம் என்று அம்மையிடம் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் எனக்கு விஷயம் வராது. அதனால் எழுதுகிறேன்.

ஓணத்துக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் காட்டினாயே, அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். எந்த ரப்பர் தோட்டத்தில் தேன் ஊறும் தளிர் வந்திருக்கிறது, அங்கே எத்தனை பெட்டிக்கு இடம் உண்டு என்று தேனீக்காரனுக்குச் சொல்லும் ஆப். நல்ல யோசனை. ஒக்கி புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு எத்தனையோ தோட்டங்கள் கைமாறிவிட்டன, யாரிடம் கேட்பது என்று எங்களுக்கே தெரியவில்லை. மார்த்தாண்டம் சந்தையில் யார் கேட்டாலும், என் மகள் நமக்காக ஒன்று செய்கிறாள் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் தளிர் விவரத்தோடு நீ நிற்கவில்லை. மழை விவரம், ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கணக்கு, தேன் விலை, தமிழும் மலையாளமும், ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று. கம்பெனியிடம் கொடுத்தாயிற்று, முதல் தவணை கட்டியாயிற்று என்றாய். எவ்வளவு என்று கேட்டேன். “பரவாயில்லப்பா” என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நீயே ஒரு கதை சொன்னாய். 1999-ல் அமெரிக்காவில் நிக் ஸ்வின்மர்ன் என்கிறவர் நெட்டில் ஷூ விற்க நினைத்தார், கையில் சரக்கு கிடையாது. கடைக்குப் போய் ஷூக்களைப் படம் பிடித்துப் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். போட்டுப் பார்க்காமல் ஆட்கள் ஷூ வாங்குவார்களா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதுதான் ஸாப்போஸ், 2009-ல் அமேசான் வாங்கிய கம்பெனி என்றாய். இவ்வளவும் தெரிந்த பிள்ளை, எதற்கு மக்களே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டப் பார்க்கிறாய்? ஆப்பை ஸ்டோரில் போட ஆண்ட்ராய்டுக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர் என்று சொன்னவளும் நீதான். இங்கே பெட்டி வைக்கிறவர்களில் யார் கையில் ஆப்பிள் போன் இருக்கிறது?

ஒரு வேலை. ஒரே ஒரு வேலையை மட்டும் செய்.

நான் சும்மா சொல்லவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, குலசேகரம், அருமனை, களியல் பக்கம் பெட்டி வைக்கிற ஒன்பது பேரைப் போய்ப் பார்த்தேன். மழை விவரம் ஒருத்தரும் கேட்கவில்லை. பெட்டிக் கணக்கும் வேண்டாம் என்றார்கள், அது அவரவர் மனதில் இருக்கிறது. கேட்டது மூன்றுதான். டெம்போ தோட்டத்துக்குள்ளே போகுமா? தளிர் எந்த வாரம்? பூசணத்துக்குக் கந்தகப் பொடி அடிப்பார்களா, அடித்தால் எந்த நாள்? தளிர்க் காம்பில் மூன்று இலை சேருகிற இடத்தில் தேன் ஊறுகிற கொஞ்ச வாரத்துக்குள் பெட்டி அங்கே நிற்க வேண்டும். ஆட்கள் ரப்பர் பூவிலிருந்து தேன் வருகிறது என்று நினைக்கிறார்கள், உன் கம்பெனிக்காரர்களும் அப்படித்தான் படம் போட்டிருந்தார்கள். அதை முதலில் மாற்றச் சொல்.

இந்த மூன்று கேள்விக்கு ஆப் எதற்கு? கூகுள் ஷீட்டில் தோட்டங்களின் பட்டியல், ஒரு வாட்ஸ்அப் நம்பர், கேட்கிறவருக்கு நீயே பதில் போடு. தோட்டக்காரர்களிடம் நான் போய்க் கேட்டு வருகிறேன். தைக்குள் இருபது பேருக்கு இடம் அமைந்தால், அப்புறம் எதைக் கட்ட வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தளிரை விட்டால் ஒரு வருஷம் போச்சு. கம்பெனிக்காரர்கள் தேதி தள்ளிக்கொண்டே போனால் தளிர் காத்து நிற்காது.

அவர்களுக்கு அடுத்த தவணை கொடுக்கும் முன்னால், முடிந்த வேலையைக் கையில் வாங்கிப் பார். ஆப்பின் டொமைன் பெயரும் புரோகிராம் கோடும் உன் பெயரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான் அத்தை மகன். பெண்கள் நடத்துகிற கம்பெனிக்கு தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்தில் 15 லட்சம் ரூபாய் வரை உண்டு என்று பேப்பரில் படித்தேன், எழுதிப் போடு. ஆனால் அதை நம்பி இன்றைக்குச் செலவு செய்யாதே.

அருமனையில் ஒரு வயசாளி, இடம் மட்டும் சரியாக அமையட்டும், நூறு ரூபாய் தருகிறேன் என்றார். அப்புறம் கொடுங்கள் என்றேன், கேட்கவில்லை, மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துவிட்டார். அந்த நோட்டை நான் செலவழிக்கவில்லை. உன் ஆப்புக்கு வந்த முதல் காசு அது.

மக்களே, அந்தக் கவரைப் பற்றி. மேல் பக்கத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் பெயருக்கும் அப்படி வந்தது.

1991-ல் என்னிடம் பன்னிரண்டு பெட்டி. அந்த சீசன் நல்ல தேன். ஒரே ஒரு சீசனைப் பார்த்துவிட்டு இன்னும் அறுபது பெட்டி வாங்கினேன். உன் பாட்டா, ‘வேண்டாம், இருபது போதும்’ என்றார். கொக்கி விட்டுப்போச்சு, தட்டானிடம் கொடுத்திருக்கிறேன் என்று அம்மையிடம் சொல்லி, அவள் மாலையைப் பாங்கில் அடகு வைத்தேன். அடுத்து ‘தாய் சாக்புரூட்’ என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் நோய் வந்தது. தெற்கே எங்கும் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ அழிந்தது. அடையில் புழுக்கள் தலை மேலே பார்த்துக் கிடக்கும். ஈர்க்கால் தூக்கினால் சின்னத் தண்ணீர்ப் பையாகத் தொங்கும். அதற்கு மருந்து கிடையாது. எழுபத்திரண்டு பெட்டியில் எனக்கு நாலு மிஞ்சியது.

நோய்க்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனால் பாங்கிலிருந்து வந்த கடிதங்களை நான் காலிப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அம்மையிடம் சொல்லவில்லை, பாட்டாவிடமும் சொல்லவில்லை. ஏலத்துக்கு முந்தின நாள்கூடச் சொல்லவில்லை. வாழை வெட்டின பணம் பாட்டா கையில் அப்போது இருந்தது, கேட்டிருந்தால் மீட்டிருக்கலாம். மாமா கல்யாணப் போட்டோவில் அம்மை கழுத்தில் கிடக்கிறது மாமியின் மாலை. சின்னதில் அது யாருடையது என்று நீ கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன். அம்மை இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

நீயும் “பரவாயில்லப்பா” என்றபோது என் குரல்தான் கேட்டது. இதை நீ என்னிடமிருந்துதான் படித்திருக்கிறாய்.

நான் கோபப்படமாட்டேன். எவ்வளவு, எந்தத் தேதி, அது மட்டும் சொல். என்னிடம் ஆர்.டி. ஒன்று முடிகிறது, மாசிக்குப் பிறகு தேன் காசும் வரும். நேரத்துக்குச் சாப்பிடு. கம்பெனிக்கு இனி சும்மா தவணை கொடுக்காதே. ஒரு வேலையை மட்டும் எடு.

ஞாயிற்றுக்கிழமை அம்மை சர்ச்சுக்குப் போய்விட்டு வர பதினோரு மணி ஆகும். அதற்கு முன்னால் கூப்பிடு.

அப்பா