எந்த டியூனர் என்று கேட்டாயே

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்தான். மகள் இப்போது என் பழைய வண்டியை ஓட்டுகிறாள். கிளட்சை என்னைவிடப் பதமாக விடுகிறாள். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பைக்குக்குப் பெரிய பிஸ்டன் போட்டு, வால்வைத் திறக்கும் கேமை மாற்றி, சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் கம்ப்ரஷனை ஏற்றி, திறந்த சைலன்சரும் புது ஏர் ஃபில்டரும் மாட்டியாகிவிட்டது, இனி அதற்கேற்றபடி பெட்ரோலையும் பொறியையும் சரிசெய்ய எந்த டியூனர் வாங்குவது என்று கேட்கிறாய். சைலன்சரும் ஃபில்டரும் மட்டும் என்றால் பவர் கமாண்டர் மாதிரி ஒரு பெட்டியை யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அது இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். வேண்டாம் என்றால் கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஆனால் நீ கம்ப்ரஷனைத் தொட்டுவிட்டாய். அங்கேதான் கணக்கு மாறுகிறது. எந்த ஆர்பிஎம்மில், பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் ஸ்பார்க் பிளக்கில் பொறி விழவேண்டும் என்று ஈசியூவில் எழுதி வைத்திருப்பது உன் பழைய பிஸ்டனுக்கு. பெட்ரோலை மட்டும் மாற்றும் பெட்டிக்கு அதன்மேல் எந்த அதிகாரமும் கிடையாது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் வண்டியே சொல்லிவிடும்: திணறும், பிக்கப் விழும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர் பட்பட்டென்று வெடிக்கும். பொறி சீக்கிரம் விழுந்து, கலவை தானாக வெடித்து நாக் ஆவதை, காற்றிலும் அந்தத் திறந்த சைலன்சர் சத்தத்திலும் நீ கேட்கவே மாட்டாய். ஒருநாள் பிளக்கைக் கழற்றினால், வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளி இருக்கும். அலுமினிய நிறத்தில் மினுக்கினால் அது உன் பிஸ்டனின் துகள்.

அதனால் உன் வண்டிக்கு ஈசியூவையே திருத்தி எழுதும் வழியைத்தான் முதலில் பார்ப்பேன். பெட்ரோல் அட்டவணை, பொறி விழும் நேரத்துக்கான இக்னிஷன் அட்டவணை, ஆர்பிஎம் எதுவரை ஏறலாம் என்ற ரெவ் லிமிட் எல்லாமே கைக்கு வந்துவிடும். ஜப்பானிய வண்டிகள் பலவற்றுக்கு வூலிச், ஹார்லிக்கு டைனோஜெட்டின் பவர் விஷன் என்று ஆளுக்கு ஒன்று இருக்கிறது. உன் மாடலும் வருஷமும் அதன் பட்டியலில் உண்டா என்று முதலில் பார். இல்லாவிட்டால் இக்னிஷனையும் சேர்த்துக் கையாளும் பவர்டிரானிக் வகைப் பெட்டி. ஈசியூவையே தூக்கிவிட்டு வேறொன்று வைப்பது ரேஸுக்குப் போகிறவர்கள் வேலை. ஐட்லிங்கிலிருந்து குளிரில் ஸ்டார்ட் ஆவதுவரை எல்லாவற்றையும் நீயே எழுதவேண்டும். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது, கோபித்துக்கொள்ளாதே.

அப்புறம் அந்தத் ‘தானே கற்றுக்கொள்ளும்’ ஆட்டோடியூன். உன் கண் அதன்மேல்தான் இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. நானும் அதில் விழுந்தவன்தான். எக்ஸாஸ்ட் பைப்பில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை மாட்டிவிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பெட்ரோல் கூட்டச் சொல்கிறதோ அதையெல்லாம் அப்படியே ஒத்துக்கொண்டேன். இரண்டு வாரம். மீட்டர் லீன், அதாவது பெட்ரோல் போதவில்லை, என்றது, கூட்டினேன். மறுபடி லீன், மறுபடி கூட்டினேன். வண்டி நின்றால் பெட்ரோல் வாடை, பிளக் கரி அப்பிக் கிடந்தது, அப்போதும் மீட்டர் லீன் என்றே சாதித்தது. கடைசியில் ஒருநாள் காலை, இன்ஜின் சூடேறும் முன் ஸ்டார்ட் செய்து, சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் பைப் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனேன். புஸ் புஸ்ஸென்று காற்று. டார்ச் அடித்தால் கேஸ்கெட்டைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு கரிக்கோடு. புகை வெளியேறும் அந்த இடுக்கிலேயே, இடையிடையே வெளிக்காற்று உள்ளே புகுந்துகொண்டிருந்தது. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. எங்கிருந்து வந்த ஆக்சிஜன் என்று அதற்கு என்ன தெரியும்?

உன் புது கேமிலும் இதே ஏமாற்று உண்டு. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் கூடுதல் நேரம் சேர்ந்து திறந்திருப்பதால், ஐட்லிங்கில் எரியாத கலவை நேராக வெளியே நழுவும். அந்த ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் லீன் என்று கத்தும். அங்கே மீட்டரை நம்பாதே, வண்டி எதில் சீராக நிற்கிறதோ அதில் விடு. ஆக்சிலேட்டரைப் பாதிக்குமேல் திருகும்போதுதான் அது சொல்வதைக் கேள். மீட்டரை லாம்டாவில் வைத்துக்கொள் (சரியான கலவைக்கு 1, அதற்குக் கீழே போனால் ரிச், பெட்ரோல் கூடுதல்), எத்தனால் கலந்த பெட்ரோலில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எண்ணே குழப்பம். முழு ஆக்சிலேட்டரில் 0.88 பக்கம் வந்தால் போதும். வண்டியோடு வந்த நேரோபேண்ட் சென்சார் இதற்கு உதவாது. அதற்கு ரிச்சா லீனா என்பது தெரியும், எவ்வளவு என்பது தெரியாது.

இன்னொரு சின்னக் கணக்கு. 10,000 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக்குக்கும் சேர்த்து, அதாவது கிராங்க் இரண்டு சுற்று சுற்ற, 12 மில்லி செகண்டுதான் இருக்கிறது. இன்ஜெக்டர் ஏற்கெனவே 9 மில்லி செகண்ட் திறந்திருந்தால், இருபது சதவீதம் கூட்டினால் 10.8. அதாவது தொண்ணூறு சதவீத நேரம் திறந்தே கிடக்கிறது. எண்பத்தைந்தைத் தாண்டினாலே எனக்குப் பயம். எந்தப் பெட்டி வாங்கினாலும் அது இன்ஜெக்டரின் துளையைப் பெரிதாக்காது. பிஸ்டன் மாற்றியவர் இதைப் பார்த்தாரா என்று கேள்.

டைனோவில், அதாவது சக்கரத்தை ரோலரில் ஓட்டிப் பவரை அளக்கும் மெஷினில், டியூன் செய்யப்போகிறவரைப் பிடித்துவிட்டு, அப்புறம் பெட்டி வாங்கு. அவர் கை எதில் பழகியதோ அதையே வாங்கு. நான் தலைகீழாகச் செய்தேன். பெட்டியைக் கொண்டுபோய் நீட்டியதும், “இதை நான் தொட்டதே இல்லையே” என்று அவர் மூடியைத் திறந்து பார்த்த விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. லோடு வைத்து ஒரே ஆர்பிஎம்மில் பிடித்துவைக்கும் டைனோவா என்றும் கேட்டுக்கொள். ரோலரைச் சும்மா சுழலவிட்டு ஒரு முழு ஆக்சிலேட்டர் கிராஃப் எடுத்துத் தருவது படம் காட்ட உதவும். நீ நாள் முழுக்க ஓட்டுவது கால்வாசி ஆக்சிலேட்டரில்.

ஈசியூவின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பு, எதில் எழுத முடியும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் அந்த எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் புறங்கையை ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடு. இன்ஜின் சூடாகும் முன்.

அன்புடன்,
பாஸ்கரன்

பி.கு.: ஈசியூவில் எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டிக்கொள். பாதியில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூ செத்துப்போகலாம். ஈசியூவில் கம்பெனி எழுதி அனுப்பிய ஃபைலைத் தனியாக ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்.