அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட அரசாங்க அதிபர்களுக்கு,

வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். சம்பளமில்லாத வேலை. ஆகவே எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. தொண்டு நிறுவனங்களில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். சுகாதாரம், துறைமுகம், உணவு விநியோகம், விவசாயம் எல்லாம் அதில் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருக்கிறார். 2009இல் போரில் எறிகணைத் (செல்) துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஒரு மாற்றுத்திறனாளிகள் அமைப்பின் கள உத்தியோகத்தர் பிள்ளை கிழமைதோறும் ஸ்கூட்டியில் அவரைப் பார்க்க வருவாள். வந்ததும் கையைக் கழுவிவிட்டு அவரைப் பக்கவாட்டில் பிரட்டி, இடுப்பெலும்பையும் குதிக்காலையும் பார்ப்பாள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துவாள். அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு வெளிறாவிட்டால் புண் தொடங்குகிறது என்று அர்த்தமாம். சிறுநீர்ப் பை கட்டிலுக்குக் கீழே தொங்குகிறதா என்று பார்ப்பாள். அப்புறம் மனைவியிடம், "இரவிலயும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பிரட்டி விடுறியளோ அக்கா?" என்று கேட்பாள். அந்தப் புண் எலும்பு வரை போய், கிருமி இரத்தத்தில் கலந்தால் ஆள் மிஞ்சமாட்டார். செல்லுக்குத் தப்பியவர்களைப் படுக்கைப்புண் கொண்டுபோனதை வன்னியில் பலர் கண்டிருக்கிறோம்.

அவளுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. "என்ஜிஓ (தொண்டு நிறுவனம்) அத்தியாவசியம் இல்லை" என்று வரிசையில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். தம்பியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வெயிலில் மிதித்து வந்தாள்.

அதே என்ஜிஓதான் வெள்ளம் வந்தால் உடனே அத்தியாவசியமாகிவிடுகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றபோதும் சரி, 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் சரி, கிராம அலுவலரின் தொலைபேசி இவர்களைத் தேடித்தான் போனது. பாய் இருக்கா, பால்மா இருக்கா, சமைக்க ஆள் வருமா? வந்தார்கள். அவர்களில் சிலருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர்தான்.

இன்னும் பின்னால் போனால், 2008 செப்டம்பரில், போர் நடக்கும்போது, சர்வதேச நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசாங்கம். வாகனங்கள் போய்விட்டன. உள்ளூர்ப் பணியாளர்கள் பலர் எங்களோடுதான் இருந்தார்கள், போரின் கடைசி இடங்களான மாத்தளன் வரை, முள்ளிவாய்க்கால் வரை. அதற்கு அவர்களுக்கு ஒரு கடிதம்கூட யாரும் கொடுத்ததாக நான் அறியவில்லை.

கண்ணிவெடி அகற்றும் பெண்களையும் சொல்லவேண்டும். கனத்த மேலங்கியும் முகக்கவசமும் போட்டு, முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறார்கள். பலர் தனியாகக் குடும்பம் நடத்துபவர்கள். இலங்கை 2017இல் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 ஜூன் 1க்குள் நிலத்தைத் துப்புரவாக்கவேண்டும். நிலம் துப்புரவானால் அவர்களுக்கு வேலையில்லை. தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும் இந்த ஆட்களுக்கு அடுத்தது என்ன என்று எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறீர்களா?

குறை சொல்பவர்களையும் எனக்குத் தெரியும். கிணற்றை விடப் பெரிய பெயர்ப்பலகை நட்ட நிறுவனங்கள் இங்கே இருந்தன. ஹோட்டலில் செயலமர்வு வைத்து வறுமையைப் பற்றிப் பேசியதும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைச் சுமப்பவர்கள் கள உத்தியோகத்தர்கள். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். கலியாணம் பேசும் வீட்டில் "நிரந்தரமில்லாத வேலையோ" என்று முகம் சுளிப்பார்கள். நாலைந்து வருடம் வீடு வீடாகத் திரிந்து பழகியவர்கள், ஏதோ ஒரு அரச நியமனம் வந்ததும் போய்விடுகிறார்கள். எப்படிப் பிழை சொல்வது?

அத்தியாவசிய சேவைப் பட்டியல் கொழும்பில் எழுதப்படுகிறது, தெரியும். மாவட்ட அனர்த்த முகாமைத்துவத் திட்டம் உங்கள் மேசையில்தானே இருக்கிறது. வீடு தேடிப் போய்ப் பராமரிப்பவர்களின் பெயரை, பிரதேச செயலகம் வாரியாக அதில் இப்போதே எழுதுங்கள். எரிபொருள் தட்டுப்பாடோ ஊரடங்கோ வந்தால் அந்தப் பெயருக்குப் பெற்றோலும் பயண அனுமதிப் பாஸும் கிடைக்கட்டும். நிறுவனங்களின் திட்டத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, பணியாளருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றும் கேளுங்கள். நிறுவனம் 12 வீதம் கட்டவேண்டும் என்பது சட்டம், தயவு அல்ல. ஒப்பந்தம் முடிந்து போகிறவருக்கு மாவட்டச் செயலகத்தின் சேவைச் சான்றிதழ் ஒன்று கொடுத்தால் அடுத்த நேர்முகத்தேர்வில் காட்டுவார்.

ஐப்பசி மழைக்கு முன் பட்டியல் தயாரானால் நல்லது. எங்கள் கிராமத்தில் யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் வந்து பார்க்கிறார்கள் என்ற விவரம் சங்கத்திடம் இருக்கிறது. கிராம அலுவலரிடம் சொல்லி அனுப்புங்கள், தருகிறோம்.

இப்படிக்கு,
மாதர் சங்கச் செயலாளர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்